அம்மாவுக்கு ஒரு குரல், எனக்கு ஒரு குரல்: மின்நூலைக் கேட்க எதைத் தேர்ந்தெடுப்பது?

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை ஓயாது, காது மட்டும் சும்மாவே இருக்கும். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டுத் திண்ணைகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நனைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், முப்பது வருடப் பழக்கத்தில் கண்ணை விட விரலுக்குத்தான் அந்த வேலை நன்றாகத் தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை என் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார்கள். நான் வாசித்து முடிக்கும்போது அம்மாவின் முறத்தில் நூறு பீடி சேர்ந்திருக்கும்.

இப்போது அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. லேசர் வைத்துப் பார்த்தும் எழுத்து கலங்கித்தான் தெரிகிறது. நான் விடியற்காலையில் ரயிலேறி காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன், போக வர ஆறு மணி நேரம் ரயிலிலேயே போய்விடுகிறது. வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் மின்நூலை இயந்திரக் குரலில் கேட்கும் வழிகளை ஒரு வருடமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், அம்மாவுக்காகவும் எனக்காகவும். எங்கள் இருவருக்கும் ஒரே வழி ஒத்துவரவில்லை என்பதுதான் இதை எழுதக் காரணம்.

இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். என் அனுபவத்தில் ஆப் கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கையில் இருக்கும் கோப்பில் உண்மையிலேயே எழுத்து இருக்கிறதா என்பது. அப்புறம்தான் குரல், அதற்கும் அப்புறம்தான் ஆப், ஸ்பீக்கர் எல்லாம். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

நாம் இணையத்திலிருந்து இறக்கும் தமிழ் பிடிஎஃப் கோப்புகளில் மூன்று சாதி உண்டு. முதல் வகை ஸ்கேன் செய்த படம். பழைய புத்தகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கிடைக்கும். கண்ணுக்குப் பக்கம் தெரியும், ஆனால் கணினிக்கு அது ஒரு போட்டோ, அதிலிருந்து எந்தக் குரலும் ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. இரண்டாவது வகை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு பரவலாவதற்கு முன்னால் டிஸ்கி, டாப், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும்தான், குரலுக்குக் கொடுத்தால் பொருளே இல்லாத ஓசை வரும். மூன்றாவதுதான் யூனிகோடு. கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது: கோப்பில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கள். ஒன்றுமே நகலாகவில்லை என்றால் படம், குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு, தமிழாக வந்தால் தேறும்.

தமிழாக வந்தாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. பிடிஎஃப் என்பது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளும் கோப்பு, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதற்கு இரண்டாம்பட்சம். சில கோப்புகளில் "கொடு" என்று நகலெடுத்தால் "ெகாடு" என்று கொம்பு முன்னால் போய் நிற்கும், பார்வைக்கு எந்த வரிசையில் எழுத்து நிற்கிறதோ அதே வரிசையில் எடுத்துக் கொடுத்துவிடும். கொம்பு வரும் இடமெல்லாம் குரல் தடுமாறும். இன்னொன்று, நம் அச்சகப் பழக்கம். ஆங்கிலத்தில் வரி முடிவில் சொல்லை உடைத்தால் சிறுகோடு போடுவார்கள், தமிழில் பெரும்பாலும் கோடு போடாமலே உடைத்துவிடுவோம். கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காதுக்கோ, "எழுந்திருந்" என்று ஒரு சொல், சின்ன இடைவெளி, "தான்" என்று இன்னொரு சொல். பக்கத்துக்கு நான்கு இடத்தில் இப்படி வந்தால் கதை கையை விட்டுப் போய்விடும். போதாததற்குப் பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் இருக்கும் புத்தகப் பெயரும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். யாரோ செத்துப்போகும் கட்டத்தில் "நாற்பத்தேழு" என்று குரல் சொன்னதைக் கேட்டு, "யாருக்குடா நாப்பத்தேழு வயசு?" என்று அம்மா கேட்டார்.

ஆகவே மின்நூலுக்கென்றே இருக்கும் இபப் என்ற கோப்பு வடிவம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வெறும் உரைக்கோப்போ வலைப்பக்கமோ. பிடிஎஃப் கடைசி. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும் நூல்கள் இபப் ஆகவே கிடைக்கும், காசில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியமும், உரிமைக்காலம் முடிந்த உரைநடையும், நாட்டுடைமையான நூல்களும் யூனிகோடு வலைப்பக்கமாக இருக்கின்றன, அங்கே பிடிஎஃபை விட்டுவிட்டு வலைப்பக்க வடிவத்தை எடுங்கள். தன்னார்வலர்கள் உழைத்து மெய்ப்புப் பார்த்த எழுத்து அது. காதால் கேட்கிறவர்களுக்கு அவர்கள் செய்திருக்கும் உதவி எவ்வளவு பெரியது என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஸ்கேன் படம் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் புத்தகம்தான் வேண்டும் என்றால் எழுத்துணரி வழியாகப் போகலாம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழ் எழுத்தை எடுத்துக் கொடுக்கும், டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். தெளிவான அச்சாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் தும்பிக்கை போட்ட லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா எல்லாம் வரும், அங்கே எழுத்துணரி வழுக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிக்கொள்வது எந்தக் காலத்து அச்சிலும் நடக்கும். கண்ணால் வாசிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். குரல் அப்படியே வாசிக்கும். முன்னூறு பக்கத்தைத் திருத்த உங்களுக்குப் பொறுமை இருந்தால் மட்டும் இந்த வழி.

சரி, இனி குரல்.

முதலில் மிகப் பழைய வகை. இ-ஸ்பீக் என்ற இலவச மென்பொருள், சில எம்பி அளவுதான், தமிழும் பேசும். இதில் யாருடைய குரலும் பதிவாகியிருக்காது, ஒவ்வொரு ஒலியையும் கணக்குப் போட்டு அது தானே உண்டாக்குகிறது, அதனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னா நைனா இது, மூக்கு அடைச்சவன் படிக்கிற மாதிரி கீது" என்று இரண்டாவது நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டார். நானும் அதோடு அதை ஒதுக்கியிருப்பேன், ரயிலில் அறிமுகமான பார்வையற்ற நண்பர் ஒருவர் தன் போனில் அதே குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்காவிட்டால். அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவரிடம் கேட்டேன், இதைவிட இனிமையான குரல்கள் இருக்கும்போது ஏன் இது என்று. வேகத்தைக் கூட்டும்போது இனிமையான குரல்கள் எழுத்தைத் தின்றுவிடுகின்றன, இது தின்பதில்லை, விரலை வைத்த மறுகணமே பேசுகிறது, அது போதும் என்றார். திரையில் இருப்பதை உரக்க வாசித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள், கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இதே இ-ஸ்பீக் குரலோடுதான் வருகிறது, பார்வையற்ற பலர் அதை மாற்றாமலே வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பாடப்புத்தகம், போட்டித் தேர்வுக் குறிப்பு, அரசாணை இவற்றை வேகமாக ஓட்டிக் கேட்க வேண்டியவர்களுக்கு இதைத்தான் நானும் சொல்வேன். காது பழக ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும்.

அடுத்தது போனிலேயே இருக்கும் குரல். ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் பேச்சு எஞ்சின் பெரும்பாலும் முன்பே இருக்கும். செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குள் போய் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதியைத் திறந்து, மொழியைத் தமிழாக்கி, குரல் தரவை ஒருமுறை வைஃபையில் இறக்கிக்கொண்டால் அப்புறம் இணையமே வேண்டாம். ஆண் குரல், பெண் குரல் என்று ஒன்றுக்கு மேல் இருக்கும், எண் போட்டு வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே பத்தியை வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஐபோனில் தமிழுக்கு வாணி என்ற குரல் இருக்கிறது. இந்த வகைக் குரல்கள் நிஜ மனிதக் குரலில் இருந்து உண்டானவை, அதனால் சொல் சொல்லாகக் கேட்டால் மனிதர் பேசுவது போலவே இருக்கும். வாக்கியமாகக் கேட்டால்தான் ஏற்ற இறக்கம் குறைவு என்று தெரியும், கேள்விக்குறிக்குக் கொஞ்சம் மேலே போகும், மற்றபடி ஒரே மட்டம்.

மூன்றாவது இணையத்தில் ஓடும் நியூரல் குரல்கள், அதாவது மனிதப் பேச்சைக் கேட்டுக் கேட்டு கணினி கற்றுக்கொண்ட குரல்கள். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் உரக்க வாசிக்கும் வசதியைத் திறந்தால் பல்லவி, வள்ளுவர் என்று இந்தியத் தமிழுக்கு இரண்டு குரல்கள். இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டையும் வரிசையாக வைத்துக் கேட்டோம். மூச்சு விடுகிற இடம், வாக்கியம் முடிகையில் குரல் இறங்குகிற விதம் எல்லாம் இந்த வகையில்தான் இயல்பாக இருக்கிறது. யாரோ கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். நெட் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை, என் நிலைமையில் அந்த நிபந்தனைதான் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. ஓடும் ரயிலில் சிக்னல் வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் நடுவில் குரல் நின்று நின்று வரும். வீட்டில் நல்ல வைஃபை இருந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். எட்ஜ் உலாவி இபப் கோப்பைத் திறக்காது, அதற்கு வலைப்பக்க வடிவம்தான் ஏற்றது.

சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்று எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் மாதிரிகளை உருவாக்கித் திறந்த மூலமாகவே கொடுத்திருக்கிறது, தமிழும் அதில் உண்டு. கணினி நிரல் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம், வீட்டில் ஒருவருக்கு அமைத்துக் கொடுக்க நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது இப்போதைக்கு வழி இல்லை.

எந்தக் குரலை எடுத்தாலும் சில தொந்தரவுகள் பொதுவானவை, இவை குரலின் குற்றமும் இல்லை. தமிழில் க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், பொதுவாகச் சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, நடுவில் தனித்து வந்தால் மெல்லோசை. இந்த விதி தமிழ்ச் சொல்லுக்குச் சரியாக உட்காருவதால் குரல்கள் தமிழைச் சுத்தமாகவே சொல்கின்றன. கோபால், பாபு, காந்தி நகர் என்று வரும்போதுதான் சிக்கல், நாம் பழக்கத்தால் சொல்லும் ஒலி எழுத்தில் இல்லை. பழகிய பெயர்களைச் சில குரல்கள் சரியாகச் சொல்கின்றன, பழகாத பெயரை எழுதியபடியே சொல்கின்றன. புள்ளி வைத்த சுருக்கங்களும் அப்படித்தான், கி.பி. என்றால் இரண்டு இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

பேச்சுவழக்கு இன்னும் பெரிய விஷயம். நம் பக்கத்துக் கதைகளில் "வந்துகினு கீறான்", "இட்டுனு போ" என்று உரையாடல் வரும். குரல்கள் எழுத்துத் தமிழை வாசித்துப் பழகியவை, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உச்சரித்து அதை வாசிக்கும்போது வட ஆற்காட்டுப் பேச்சின் ஓட்டம் சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. அம்மா தினமும் பேசுகிற சொல்லே அம்மாவுக்குப் புரியாமல், "இன்னா சொல்றான்?" என்று கேட்கும் அளவுக்குப் போகும். வட்டார வழக்கு நாவல்களை இயந்திரக் குரலில் கேட்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். சங்கப் பாட்டும் வேண்டாம். சீர் பிரித்து அச்சிட்ட பாட்டை அது சீர் சீராக வெட்டிப் போடும், சொல் எது என்று காதுக்குத் தெரியாது. கட்டுரை, வரலாறு, தன்வரலாறு, பயணநூல், எழுத்து நடையிலேயே கதை சொல்லும் பழைய நாவல்கள், இவை நன்றாக வரும்.

மனிதர் வாசித்த ஒலிநூல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல வாசிப்பாளர் வாசித்தால் அதற்கு இணை எதுவும் கிடையாது. ஸ்டோரிடெல் போன்ற சந்தா சேவைகளில் தமிழ் நூல்கள் இருக்கின்றன, யூடியூபில் ஆர்வத்தால் வாசித்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். அம்மாவுக்கு முதலில் அதைத்தான் வைத்தேன், ஒரு மாதம் ஓடியது. அப்புறம் அம்மா கேட்கும் புத்தகம் அங்கே இல்லை. எல்லாரும் வாசிக்கிற பத்து இருபது பெயர்களையே திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார்கள், கொஞ்சம் ஒதுங்கிய புத்தகம் என்றால் ஒலிவடிவம் கிடையாது. சில பதிவுகளில் பின்னணி இசை வேறு, காது மந்தமாகி வரும் வயதில் வயலினுக்கு நடுவில் சொல்லைத் தேடுவது பெரிய சிரமம். என் முடிவு இது: புத்தகம் ஒலிநூலாக இருந்து, முழுமையான வாசிப்பாகவும் இருந்து, இசை இல்லாமலும் இருந்தால் அதையே கேளுங்கள். இல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் இயந்திரக் குரல்.

காசு கொடுத்து வாங்கும் மின்நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமேசானின் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் வருகின்றன, புதிய எழுத்தாளர்கள் நிறைய பேர் அங்கேதான் கிடைக்கிறார்கள். பூட்டுப் போட்டு வரும் நூல்களை வேறு ஆப்புக்கு எடுத்துப்போக முடியாது, போனின் திரைவாசிப்பு வசதியைத்தான் நம்ப வேண்டும். ஐபோனில் திரையை வாசிக்கும் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்தால் வாசிக்க ஆரம்பிக்கும், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. 2009இல் இரண்டாம் தலைமுறைக் கிண்டில் புத்தகத்தை உரக்க வாசிக்கும் வசதியோடு வந்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒலி உரிமை தனி உரிமை என்று எதிர்த்தது. அப்புறம் நூலுக்கு நூல் உரிமையாளரே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். கண் தெரியாதவர் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் காதால் வாசிக்க இன்னொருவர் அனுமதி தர வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை ஏற்கவில்லை. நம் நாட்டில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்கு நூலை மாற்றிக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அச்சு நூலை வாசிக்க இயலாதவர்கள் உறுப்பினராகலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அங்கே சேர்த்துவிடுங்கள்.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண்ட்ராய்டில் மூன் ரீடர், ரீட்எரா இரண்டுமே இபப் திறந்து போனின் குரலில் வாசிக்கும், வாசிக்கிற பழக்கமும் இருக்கிறவர்களுக்கு அவை போதும். கேட்பது மட்டும்தான் வேலை என்றால் வாய்ஸ் அலவுட் ரீடர். அதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, எந்தச் சொல்லை எப்படி வாசிக்க வேண்டும் என்று நாமே ஒரு மாற்றுப் பட்டியல் போடலாம், கி.பி. வரும் இடத்தில் "கிறிஸ்துவுக்குப் பின்" என்று ஒருமுறை எழுதி வைத்தால் எல்லாப் புத்தகத்துக்கும் அது செல்லும். இரண்டாவது, வாசிப்பதை ஒலிக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். எந்த ஆப்பாக இருந்தாலும் பேட்டரி சேமிப்பு அதை மூடிவிடாதபடி செட்டிங்ஸில் விலக்கு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்த பத்தாவது நிமிடம் குரல் நின்றுவிடும்.

அந்த ஒலிக்கோப்புதான் அம்மா விஷயத்தில் எல்லாவற்றையும் மாற்றியது. போனை அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். கை முழுக்கப் புகையிலைத் தூள், விரலில் ஈர இலையின் பிசுபிசுப்பு, அந்த விரலால் தொடுதிரை கேட்காது, இரண்டு தடவை தொட்டால் எங்கேயோ போய் நிற்கும். நல்ல குரலோ கெட்ட குரலோ, நிறுத்தவும் தொடங்கவும் முடியாவிட்டால் அது அம்மாவுக்கு உதவாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் அத்தியாயம் அத்தியாயமாக எம்பி3 ஆக்கி, மெமரி கார்டில் போட்டு, பட்டன் வைத்த சின்ன ஸ்பீக்கரில் செருகிக் கொடுத்தேன். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் ஒலித்தரம் தாராளம், அந்தத் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 29 எம்பி, 8 ஜிபி கார்டில் 250 மணி நேரத்துக்கு மேல் போகும். பெரிய பட்டன் ஒன்று, அழுத்தினால் பேசும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். புறங்கையால்கூட அழுத்தலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள், அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா, முதல் பாட்டுக்கே போகிறதா என்று. முதலில் நான் வாங்கியது முதலுக்கே போகிற வகை, ஒரு நாளில் ஆறு தடவை கரண்ட் போகிற கோடையில் அம்மா முதல் அத்தியாயத்தை மனப்பாடமாகவே கேட்டுவிட்டார். அதனால் கோப்புகளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகவே வெட்டுகிறேன், எப்படிப் போனாலும் தேடுவது சுலபம்.

வேகத்தையும் ஆளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இ-ஸ்பீக் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 175 சொல் என்று வைத்திருக்கும், ஆங்கிலத்துக்கு அது நிதானம். தமிழில் "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது ஒரே சொல், அதே எண்ணைத் தமிழுக்கு வைத்தால் மூச்சு முட்டும். அம்மாவுக்கு இயல்பு வேகத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்திருக்கிறேன், திண்ணையில் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் கேட்க அதுதான் சரி. எனக்குக் கட்டுரை நூல் என்றால் ஒன்றரை மடங்கு, நாவல் என்றால் ஒன்றே கால். சாயங்கால ரயிலில் வேலை முடிந்து உட்காரும்போது ஒன்றுக்கு மேல் வைக்க மாட்டேன், வைத்தால் வாலாஜா ரோடு வரும்போது என்ன கேட்டோம் என்றே தெரியாது.

குரல் தேர்வில் அம்மா எனக்கு நேர்மாறாக முடிவெடுத்தார். வீட்டில் வைஃபையில் கேட்ட நியூரல் குரலைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன், அவ்வளவு இயல்பாக இருந்தது அது. ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, போனில் இருக்கும் தட்டையான பெண் குரலே போதும் என்றார். "அது ரொம்ப நடிக்குது. இவ சும்மா படிச்சிக்கினு போறா, அழுறதா சிரிக்கிறதா நான் பாத்துக்கறேன்." சின்ன வயதில் நான் வாசித்ததும் அப்படித்தான், அர்த்தம் தெரியாமல் ஒரே மூச்சில். எனக்கு அந்தத் தட்டைக் குரலை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது, ஆனால் ரயிலில் வேறு வழியில்லாததால் அதைத்தான் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடியில் உட்கார்ந்து வள்ளுவர் குரலில் ஒரு மணி நேரம்.

மாற்றுப் பட்டியல் இப்போது நூற்றுப் பத்து வரியைத் தாண்டிவிட்டது. வாரம் முழுக்க அம்மா எங்கெங்கே குரல் தவறாகச் சொல்கிறது என்று மனசில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்வார், நான் சேர்ப்பேன். போன வாரம் ஒரு பழைய தன்வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வ.ஆ. ஜில்லா, வ.ஆ. ஜில்லா என்று வந்துகொண்டே இருக்கிறது, குரல் "வ", ஒரு நிறுத்தம், "ஆ", ஒரு நிறுத்தம், "ஜில்லா" என்கிறது. 1989இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து பெயர் மாறி மாறி, இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தச் சுருக்கம் என்னவென்றே தெரியாது. அம்மா பீடிக்கட்டை எண்ணிக்கொண்டே திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார், "வட ஆற்காடுன்னு போடுடா, அதுக்குத் தெரியல."